நிறுத்திய கார் ராத்திரியில் ஏன் முனகுகிறது?

காரை போர்ட்டிகோவில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பூட்டிவிட்டு வீட்டுக்குள் வந்தாயிற்று. சாப்பிட உட்காரும்போது வெளியே 'விர்ர்ர்' என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அதுவாகவே நின்றுவிடுகிறது. படுக்கப் போகும்போது 'டக்' என்று இன்னொரு சத்தம். புதிதாகக் கார் வாங்கிய வீடுகளில் இது அடிக்கடி நடக்கிற விஷயம்தான். சிலர் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். சிலருக்குத் தூக்கம் போய்விடுகிறது.

கும்பகோணத்தில் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவருக்குத் தூக்கம் போனது. வயது 68. வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். ஒரே மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறார். சத்தத்தைக் கண்டு பயந்து அவர் செய்த ஒரு காரியம், அவசரத்துக்கு உதவ வேண்டிய காரை அவசரத்தன்றே முடக்கிப் போட்டது. வீட்டில் வயதான பெற்றோரும், வாரத்தில் பாதி நாள் சும்மா நிற்கும் காரும் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

சாவியை எடுத்தால் அடங்கிவிடும் கார்

அவரிடம் 19 வருஷம் ஒரு மாருதி 800 இருந்தது. சாவியைத் திருகி எடுத்தால் அவ்வளவுதான், அந்தக் கார் அடங்கிவிடும். பேட்டரி டவுன் ஆனாலும் தெருப் பையன்கள் நான்கு பேர் தள்ளினால், இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டதும் உயிர் வந்துவிடும். கார் என்றால் அவருக்குத் தெரிந்தது அதுதான்.

அதை விற்கவைத்து, மகள் புதுக் கார் ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஆட்டோமேட்டிக் கியர். பட்டன் ஸ்டார்ட். சாவி சட்டைப் பையில் இருந்தாலே போதும். பக்கத்தில் போனதும் கண்ணாடிகள் விரியும், விளக்கு எரியும். "அம்மாவுக்கு ஒண்ணுன்னா யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்ப்பா. ராத்திரியோ பகலோ உடனே எடுத்துட்டுப் போயிடலாம்" என்றுதான் மகள் வாங்கிக் கொடுத்தார். அம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பல வருஷமாக உண்டு.

அதனால் அவர் சாவிக்கு ஓர் இடம் ஒதுக்கினார். முன்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டும் தூரத்தில் கார். 'ராத்திரியில் தேடிக்கொண்டு இருக்கக் கூடாது' என்பது அவர் கணக்கு.

திருடனைப் பிடிக்க ஒரு கேமரா

முதல் சத்தம் தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மதிய வெயிலில் திரும்பிய அன்று வந்தது. காரைப் பூட்டிவிட்டு வந்து செருப்பைக் கழற்றுகிறார், காருக்குள் காற்றாடி சுற்றுகிற சத்தம். மறுபடியும் திறந்து பார்த்தார். எல்லாம் அணைந்துதான் இருந்தது. இரண்டு மூன்று நிமிஷத்தில் சத்தம் நின்றது.

அடுத்து ராத்திரிச் சத்தங்கள். முன்னறையில் அவர் நடமாடும்போதெல்லாம் வெளியே 'டக்' என்று கேட்கும். சில சமயம் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சின்ன விளக்கு எரிந்து அணையும். "என்னங்க, அது நம்மளைப் பார்க்கிற மாதிரியே இருக்கு" என்று மனைவி சொன்னார். பக்கத்து வீட்டில் ஒருவர், எலுமிச்சம்பழம் வைத்து டயரை ஏற்றச் சொன்னார். இன்னொருவர், "ஃபாஸ்டேக் ஒட்டியிருக்கீங்கல்ல, அது எப்பவும் சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கும்" என்றார். அது உண்மையல்ல. ஃபாஸ்டேகுக்குள் பேட்டரியே கிடையாது. காரின் பேட்டரியோடும் அதற்கு இணைப்பு இல்லை. சுங்கச்சாவடி ரீடர் அனுப்பும் அலையிலிருந்து கிடைக்கும் சக்தியில்தான் அது பதில் சொல்கிறது.

அவருக்கு வேறு சந்தேகம். யாரோ ராத்திரியில் காரைத் திறக்கப் பார்க்கிறார்கள். ஆக்சஸரி கடைக்குப் போய், முன் கண்ணாடியில் ஒரு டேஷ்கேம் மாட்டிக்கொண்டு வந்தார். கார் நின்றிருந்தாலும் 24 மணி நேரமும் பதிவு செய்யும் வசதியோடு. அதற்கான வயரை, எப்போதும் மின்சாரம் வரும் ஒரு ஃபியூஸில் இணைத்துக் கொடுத்தார்கள். வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. அன்று ராத்திரி அவர் நிம்மதியாகத் தூங்கினார். மறுநாள் போனில் பார்த்தால் பதிவில் ஒரு பூனை மட்டும்தான் இருந்தது.

அந்த ராத்திரி

முதல் சில வாரங்கள் பிரச்னை இல்லை. தினமும் கோயில், கடைத்தெரு என்று கார் ஓடிக்கொண்டிருந்தது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. முழங்கால் வலியும் சேர்ந்துகொள்ள, எட்டு நாள் அவர் காரைத் தொடவில்லை.

எட்டாம் நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு மனைவி அவரை எழுப்பினார். உடம்பெல்லாம் வியர்வை. மூச்சு வாங்கியது. நெஞ்சில் ஏதோ அழுத்துகிற மாதிரி இருப்பதாகச் சொன்னார். அவர் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். பட்டனை அழுத்தினார். கார் திறக்கவில்லை. மறுபடி அழுத்தினார். விளக்கு எரியவில்லை, 'டக்' சத்தம்கூட வரவில்லை. இத்தனை மாதம் ராத்திரியெல்லாம் முனகிக்கொண்டிருந்த கார், அன்று வாயே திறக்கவில்லை.

சாவியில் கோளாறோ என்று மாற்றுச் சாவியைத் தேடினார். கிடைத்தது. அதுவும் வேலை செய்யவில்லை. கதவில் சாவி போடத் துவாரம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சாவிக்குள்ளேயே ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருப்பதும் தெரியாது. சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டுத் தம்பிதான், "சார், காரை விடுங்க" என்று 108-க்கு போன் செய்தார். ஆம்புலன்ஸ் வந்தது. ஆனால், அந்தத் தம்பி வருவதற்கு முன்பே கால் மணி நேரம் காரோடு போயிருந்தது.

மனைவிக்கு இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறாவது நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் அந்தக் கால் மணி நேரம் அவர் மனதை விட்டுப் போகவில்லை. மாரடைப்பில் அடைப்பை எவ்வளவு சீக்கிரம் நீக்குகிறார்களோ, அவ்வளவு இதயத் தசை பிழைக்கும். மருத்துவமனையில் அதைக் கேட்டதிலிருந்து காரின் பக்கமே அவர் போகவில்லை. பெங்களூரிலிருந்து ஓடிவந்த மகளிடம், "இதை எடுத்துட்டுப் போயிடும்மா. இது எனக்கு வேண்டாம்" என்றார்.

மகள் எடுத்துப் போகவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

மீட்டர் சொன்ன உண்மை

வந்த மெக்கானிக் முதலில் சாவியின் பக்கவாட்டில் இருந்த சின்னக் குமிழைத் தள்ளினார். உள்ளிருந்து இரும்புச் சாவி வந்தது. கைப்பிடி ஓரத்தில் இருந்த மூடியைக் கழற்றி, அதைப் போட்டுத் திருகினார். கதவு திறந்தது. பெரியவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பேட்டரியைக் கழற்றி மெதுவாக சார்ஜ் ஏற்றி, மறுநாள் மாட்டினார். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலுக்கும் வயருக்கும் நடுவில் மல்டிமீட்டரை இணைத்துவிட்டு, "அரை மணி நேரம் யாரும் காரைத் தொடாதீங்க. அது தூங்கட்டும்" என்றார்.

கார் தூங்குமா? தூங்கும். இப்போதைய காருக்குள் ஒரு கம்ப்யூட்டர் இல்லை, பல இருக்கின்றன. இன்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேகுக்கு ஒன்று, கதவு பூட்டுக்கு ஒன்று. இவை ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ள 'கேன்' என்ற தகவல் பாதை இருக்கிறது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய தொழில்நுட்பம் அது. காரைப் பூட்டியதும் இவையெல்லாம் ஒரே நேரத்தில் அணைந்துவிடாது. ஒவ்வொன்றாகக் கண்ணயரும். சில கார்களில் சில நிமிஷம், சில கார்களில் அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். தூங்கிய பிறகும் அலாரம், சாவியைத் தேடும் ரிசீவர், கடிகாரம் போன்றவை கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை என்பது மெக்கானிக்குகளின் கணக்கு.

மீட்டர் 230 மில்லி ஆம்பியர் காட்டியது. டேஷ்கேமின் ஃபியூஸைப் பிடுங்கியதும் 30-க்கு இறங்கியது.

கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும். அந்தக் காரின் பேட்டரி 35 ஆம்பியர் ஹவர். கார் மட்டும் தூங்கினால் 30 மில்லி ஆம்பியர். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் ஹவர் செலவு. பேட்டரி பாதி காலியாக மூன்று வாரத்துக்கும் மேல் ஆகும். கேமராவும் சேர்ந்தால் 230 மில்லி ஆம்பியர். ஒரு நாளைக்கு 5.5 ஆம்பியர் ஹவர். மூன்று நாளிலேயே பாதி காலி. ஆறு, ஏழு நாளில் மொத்தமும் காலி. அவர் காரை எடுக்காமல் இருந்தது எட்டு நாள்.

மெக்கானிக் அதோடு விடவில்லை. ஜன்னல் ஆணியில் தொங்கிய சாவியைக் காட்டி, "இதை எடுத்துட்டு ஒரு நடை இப்படிப் போயிட்டு வாங்க சார்" என்றார். பெரியவர் சாவியோடு ஜன்னல் ஓரமாக நடந்தார். வெளியே 'டக்'. கண்ணாடி விளக்கு எரிந்தது. மீட்டரில் எண் விறுவிறுவென ஏறியது. சொந்தக்காரர் வந்துவிட்டார் என்று நினைத்து, கார் விழித்துக்கொண்டது.

மாதக்கணக்கில் அவரைப் பயமுறுத்திய ராத்திரிச் சத்தம் இதுதான். அவசரத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று மாட்டிய சாவி, காரைத் தூங்கவிடாமல் எழுப்பிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து மாட்டிய கேமரா, பேட்டரியை உறிஞ்சிவிட்டது. காரில் கோளாறு எதுவுமே இல்லை.

"யாராவது வாங்கும்போதே சொல்லியிருக்கலாமேப்பா" என்று மட்டும் கேட்டார் பெரியவர். மெக்கானிக்கிடம் அதற்குப் பதில் இல்லை.

எந்தச் சத்தம் சாதாரணம்?

காரை நிறுத்தியதும் 'விர்ர்' என்று வருவது, இன்ஜினைக் குளிர வைக்கும் ரேடியேட்டர் ஃபேன். வெயிலில் நீண்ட தூரம் ஓட்டி வந்தால் சில நிமிஷம் சுற்றிவிட்டு நிற்கும். 'டிங்... டிங்...' என்று இடைவெளி விட்டுக் கேட்பது, சூடான சைலன்சர் குளிர்ந்து சுருங்கும் சத்தம். கதவைத் திறக்கும்போதோ பட்டனை அழுத்தும்போதோ பின் சீட் பக்கம் இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்றால், பெட்ரோல் பம்ப் தயாராகிறது. டேஷ்போர்டுக்குள் 'கிர்ர்' என்றால், ஏசி காற்றைத் திருப்பும் சின்ன மோட்டார்கள் தங்கள் இடத்துக்குப் போகின்றன. ஹைபிரிட் கார்கள் சிலவற்றில், டிரைவர் கதவைத் திறந்ததுமே பிரேக் பம்ப் ஓடும். எலெக்ட்ரிக் கார் சார்ஜ் ஏறும்போது ஃபேனும் பம்ப்பும் சத்தம் போடும்.

இவற்றுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். ஆனால் சிலவற்றைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஃபேன் அரை மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை, அல்லது ஓட்டாத காரில் தானாகச் சுற்றுகிறது என்றால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஒரே ராத்திரியில் பேட்டரி காலியாகிவிடும். பானட்டுக்குள் 'கறக் கறக்' என்று கடிக்கிற சத்தம் கேட்டால், அது பெரும்பாலும் எலி. வயரைக் கடித்துவிட்டால் ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும். ஸ்டார்ட் செய்யும்போது 'டிக்டிக்டிக்' என்று வேகமாக அடித்துக்கொண்டால், பேட்டரி பலவீனமாகிவிட்டது என்று அர்த்தம். காலையில் செல்ஃப் வழக்கத்தைவிட மெதுவாகச் சுற்றினால், அது முதல் எச்சரிக்கை. அந்த வாரமே பேட்டரியைக் காட்டிவிடுங்கள்.

பேட்டரிக்கு வயது முக்கியம்

காரில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி புதுக் கண்டுபிடிப்பு அல்ல. பிரான்ஸைச் சேர்ந்த காஸ்டன் பிளான்டே 1859-ல் உருவாக்கியது. 1912-ல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. அதுவரை முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றித்தான் பெரும்பாலான பெட்ரோல் கார்களை எழுப்ப வேண்டும். அன்றிலிருந்து பேட்டரியின் முக்கிய வேலை, சில விநாடிகள் நூறு ஆம்பியருக்கும் மேல் கொடுத்து இன்ஜினைச் சுற்றிவிடுவது. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருப்பது அதற்கு ஒத்துவராத வேலை. 2020-ல் ஊரடங்கு முடிந்து காரை எடுக்கப் போன பலருக்கு இது அனுபவத்தில் தெரியும்.

நம் ஊர் வெயிலில் ஒரு பேட்டரி மூன்று, நான்கு வருஷம் வந்தால் நல்லது. ஒரு தடவை முழுதாகக் காலியானால் அதன் ஆயுள் குறைந்துவிடும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரை வைத்து வீட்டிலேயே பார்க்கலாம். ராத்திரி முழுக்க நின்ற காரில் காலையில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் செய்யாமல் நம்பக் கூடாது.

எலெக்ட்ரிக் காருக்கும் இது பொருந்தும். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், கதவைத் திறக்கவும் காரை எழுப்பவும் பொதுவாக இன்னொரு சின்ன 12 வோல்ட் பேட்டரிதான் வேண்டும். அது காலியானால், 300 கிலோமீட்டர் சார்ஜ் இருந்தும் கார் நகராது.

வீட்டில் செய்ய வேண்டியவை

வாரத்துக்கு ஒரு முறையாவது அரை மணி நேரம் காரை ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்துவிட்டு அணைப்பதில் பயன் குறைவு. ஸ்டார்ட் செய்யச் செலவானதற்கு மேல் பெரிதாக எதுவும் சேராது.

ரிமோட் சாவியைக் காருக்குச் சில மீட்டராவது தள்ளி, வீட்டுக்குள் வையுங்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒரே இடமாக இருக்கட்டும்.

டேஷ்கேம், ஜிபிஎஸ் கருவி போன்றவற்றை மாட்டும்போது, 'கார் அணைந்ததும் இதுவும் அணையுமா?' என்று கேளுங்கள். நிறுத்திய பிறகும் கேமரா ஓட வேண்டும் என்றால், பேட்டரி குறிப்பிட்ட வோல்ட்டுக்குக் கீழே போனதும் தானாகத் துண்டிக்கும் கருவியோடு மாட்டச் சொல்லுங்கள்.

மாதக்கணக்கில் வெளியூர் போவதாக இருந்தால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைக்கலாம். கடிகாரம் போன்றவற்றைத் திரும்பச் செட் செய்ய வேண்டியிருக்கும், அலாரம் வேலை செய்யாது. எலெக்ட்ரிக், ஹைபிரிட் கார்களில் கையேட்டைப் பார்க்காமல் கழற்றாதீர்கள்.

சாவிக்குள் இருக்கும் இரும்புச் சாவியை இன்றைக்கே ஒரு முறை வெளியே எடுத்து, கதவைத் திறந்து பாருங்கள். ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. அதனால் டிக்கியில் ஜம்பர் கேபிள் வைப்பதைவிட, வீட்டுக்குள் வைப்பது நல்லது. பேட்டரி செத்தால் பல கார்களில் டிக்கியும் திறக்காது.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் கார் கிளம்புமா என்று சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். முதல் வேலை 108. கார் கிளம்பினால்கூட, வழியில் முதலுதவி செய்ய ஆள் இருக்கும் ஆம்புலன்ஸ்தான் நல்லது.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பலர் அப்பா அம்மாவுக்குக் கார் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். 'மாத்திரை போட்டாச்சா, சாப்பிட்டாச்சா' என்று தினமும் போனில் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, 'காரை எடுத்து ஒரு ரவுண்டு போயிட்டு வந்தீங்களாப்பா?' என்றும் கேளுங்கள். ஏதோ சத்தம் வருகிறது என்று அவர்கள் சொன்னால், 'அதெல்லாம் ஒண்ணுமில்லை' என்று பேச்சை மாற்றாமல், எப்போது வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று இரண்டு கேள்வி கேட்டு, தெரிந்த மெக்கானிக் ஒருவரை அனுப்பி வையுங்கள்.